மதிப்பு, குரோனரில்

படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்டது:
விலங்கின் மதிப்பு எவ்வளவு?
பூஜ்ஜியம் என்று அடித்தேன்.
பொய்யில்லை.
நான்கு பழைய பனிக்கால டயர்களுக்கு
மாற்றாக வந்தவை இரண்டும்.
அதிலும் ஒன்றில் காற்றே நிற்காது.
கட்டம் சிவந்தது.
ஒன்றாவது போடு என்றது.

மதியம் மூன்றுக்கே இருட்டிவிடும் சுண்ட்ஸ்வாலில்
நானும் அண்ணன் சிக்ஸ்டனும்
சமையலறை மேசையில் கணக்குப் போடுகிறோம்.
மாதம் நூற்றெண்பது, ஒரு பூனைக்கு.
இரண்டுக்கும் பதினைந்து வருடம் என்றால்
அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு
என்று அவன் எழுதி முடிப்பதற்குள்
டிம்மா மேசைமேல் ஏறி
எண்ணூறின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றும் ஆகாவிட்டால் என்றேன்.
ஒன்றும் ஆகாததற்குக் கட்டிய பணம் என்றான்.

போன மாதம் கீழ்வீட்டு யோர்டிஸின் பூனை
தையல் நூலை விழுங்கியது, ஊசியோடு.
முப்பத்தோராயிரம்.
யோர்டிஸ் கையெழுத்திட்டாள், காரை விற்றாள்,
இப்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள்
கைப்பையில் மீன் டப்பாக்களோடு.
முகத்தில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.
எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.
நானும் கையெழுத்திடுவேன்.
என்னிடம் விற்கக் காரும் இல்லை.

சின்ன எழுத்துகளை உரக்கப் படித்தேன்.
முதல் இருபது நாளில் வரும் நோய்
நோயாகக் கருதப்படாது.
பிறவியிலேயே இருந்தது சேராது.
பல் சேராது.
"பல்லா?" என்றான் சிக்ஸ்டன்
இடது கடைவாயைத் தொட்டபடி.
இரண்டு வருடமாக அவன் மெல்லுவது வலப்பக்கம் மட்டும்.
வேர் சிகிச்சைக்குச் சொன்ன தொகை
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின்கீழ் தொங்குகிறது,
வர மறுத்துவிட்ட விருந்தாளியின்
புகைப்படம் போல.
அவன்தான் சொல்கிறான்,
ரெண்டுக்கும் போட்டுவிடு.

ஒன்பதாம் கட்டத்துக்கு வந்தோம்.
அறியப்பட்ட குறைபாடு ஏதேனும்?
பேசாமல் இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் ரக்னெல்
டிம்மாவை அரை நிமிடத்தில் இறக்கிவிட்டார்.
கறுப்பு லாக்ரிட்ஸின் மார்பில் மட்டும்
குழாயை வைத்து, கண்ணை மூடி, வைத்து,
"நீங்களும் கேளுங்கள்" என்று கொடுத்தார்.
பக்கத்து அறையில் யாரோ
செய்தித்தாளைப் புரட்டுவது போலிருந்தது.
குட்டிகளுக்குச் சில சமயம் தானே அடங்கும் என்றார்.
சில சமயம் என்ற சொல்லை
இரண்டு தரம் சொன்னார்.
ஏட்டில் எதுவும் எழுதவில்லை,
பேனா மூடியைத் திறந்து மூடியதோடு சரி.

எழுதாதது தெரியாதது ஆகுமா?
சிக்ஸ்டன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
அவன் சர்க்கரை போடுவதில்லை.
"இல்லை என்று தட்டு" என்றான்.
பிறகு, "வேண்டாம்."
பிறகு, "நீயே ஏதாவது செய்."

ஆம் என்று தட்டினேன்.
நேர்மையால் அல்ல.
என்றைக்காவது ஓர் இரவு அவளுக்கு மூச்சு வாங்கும்போது
பொய் சொன்னது நினைவுக்கு வந்து
கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.
ஏழாம் கட்டத்தில் மூன்று டயரின் விலையைப் போட்டேன்.
நான்காவதை மனசாட்சி அனுமதிக்கவில்லை.

பதில் காலையில் வந்தது.
டிம்மா: ஏற்கப்பட்டது.
லாக்ரிட்ஸ்: ஏற்கப்பட்டது,
இதயம் நீங்கலாக.

வாலுக்கு உண்டு, காதுக்கு உண்டு,
விழுங்கப்போகும் ஊசிக்கும் உண்டு.
இதயம் நீங்கலாக.
சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தேன்;
சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகிவிட்டது.

சிக்ஸ்டன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான்,
வலிக்கும் கன்னம் மேலே.
அதன்மேல்தான் லாக்ரிட்ஸ் சுருண்டு கிடந்தாள்,
ஒத்தடம் போல, பாரமே இல்லாமல்.
எழுப்ப நினைத்துக் கிட்டே போனேன்.
அவன் தூங்கவில்லை.
விரலை உதட்டில் வைத்து
ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.
கேட்டுக்கொண்டிருந்தான்.